கப்பல் ஏறிய பழமும் கொல்லையில் நின்ற பழமும்

எங்க கீழ்வேளூர் பக்கம் நெல்லுதான் பிரதானம். வாழைன்னா கொல்லையில நாலு கட்டை, மேட்டுல பத்து கட்டை, அவ்வளவுதான். தோட்டமா பாக்கணும்னா மேற்கே திருவையாறு, திருச்சி பக்கம் போகணும். நகரத்துல இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைங்க, "கடையில ஒரே மாதிரி நீட்டுப் பழம்தான் இருக்கு, பூவனும் ரஸ்தாளியும் எங்க போச்சு?"ன்னு கேக்குறாங்க. பதில் சொல்ல உலகத்தைச் சுத்தி வரணும்.

நூறு வருசத்துக்கு முன்னாடி அமெரிக்கா, ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினது குரோ மிஷேல்ங்கிற ரகம். தோல் தடிமன், அடிபட்டாலும் தாங்கும். ஆனா பனாமா வாடல் நோய் வந்து, 1950களில் மத்திய அமெரிக்கத் தோட்டங்களை அழிச்சுது. மண்ணுல இருக்கிற பூஞ்சை அது. ஒரு தடவை புகுந்தா பல வருசம் போகாது. அதுக்குப் பதிலா கேவண்டிஷ் வந்துச்சு. 1830களில் இங்கிலாந்துல ஒரு பிரபுவோட கண்ணாடி வீட்டுல வளந்த வாழை அது. அந்தக் குடும்பப் பேருதான் பழத்துக்கும். இன்னைக்குத் தேனி பக்கம் ஏற்றுமதிக்குப் போடுற ஜி நைன் அந்த வம்சம்தான்.

ஏற்றுமதிக்குன்னா வேலையே வேற. பூவை ஒடிச்சு, தாருக்கு உறை போடணும். முக்கால் விளைச்சல்ல பச்சையாவே வெட்டணும், தார் தரையில படக்கூடாது. சீப்பு சீப்பா அறுத்து, பால் போகத் தண்ணியில அலசி, ஈரம் காயவச்சு, 13 கிலோ அட்டைப்பெட்டியில அடுக்குவாங்க. பிறகு 13, 14 டிகிரி குளிர்ல கப்பல் பயணம். அதுக்குக் கீழே போனா தோல் கறுத்துடும். போய்ச் சேந்த பிறகு எத்திலீன் வாயு வச்சுப் பழுக்க வைப்பாங்க. நாம குழியில மூட்டம் போட்ட மாதிரிதான், அளவு தெரிஞ்சு செய்யறாங்க.

நம்ம ரஸ்தாளி இதுக்குத் தோதுப்படாது. தோல் வெடிக்கும், சதையில கட்டி விழும். குரோ மிஷேலைக் கொன்ன அதே வாடல் நோய்தான் ரஸ்தாளிக்கும் எமன். பூவன் காயும் சின்னது. நேந்திரன் மட்டும் வளைகுடா மலையாளிகளுக்காக விமானம் ஏறுது. உலகத்துலயே அதிகமா வாழை விளையுறது இந்தியாவுல. ஆனா ஏற்றுமதியில முதல் இடம் ஈக்வடாருக்கு.

சத்துன்னு பாத்தா எந்த ரகமும் மட்டமில்லை. நூறு கிராம் பழத்துல சுமார் 90 கலோரி, 350 மில்லிகிராம் பொட்டாசியம், கூட பி6 வைட்டமின். வயக்காட்டுல ரெண்டு பழம் தின்னா மதியம் வரைக்கும் தெம்பு இருக்கும்.

கவலை என்னன்னா, இப்ப கேவண்டிஷையே கொல்ற புது வாடல் நோய் வந்திருக்கு. பீகார், உத்தரப்பிரதேசம் வரைக்கும் வந்தாச்சு. கட்டை வச்சே பெருக்கறதால எல்லா மரமும் ஒரே உடம்பு. ஒண்ணுக்கு வந்தா அத்தனைக்கும் வரும். திருச்சியில 1993ல் ஆரம்பிச்ச தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துல நூத்துக்கணக்கான ரகங்களை நட்டுக் காப்பாத்தி வச்சிருக்காங்க. அது அவங்க வேலை. கொல்லையில மொந்தன், பூவன், ரஸ்தாளின்னு கலந்து வச்சது நம்ம பெரியவங்க வேலை.

வாங்குற ஆள் இருந்தாத்தான் அது நிக்கும். அடுத்த தடவை கடைக்குப் போனா, பழம்னு கேக்காதீங்க. பூவன் இருக்கான்னு பேரைச் சொல்லிக் கேளுங்க.