எழுத்தின் உருவமும் அடையாளமும்

மார்சிலிங்கில் அச்சிட்டாலும் மதுரையில் அச்சிட்டாலும் ஒரு தமிழ்ப் பக்கம் மாறாமல் வருகிறதே, எப்படி? அதற்கு வழி வகுத்தது, அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி.

அதற்கு முன்பு பெரும்பாலான அச்சுப்பொறிகளுக்கு எழுத்து என்பது புள்ளிகளின் கூட்டம். பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டுபோல் உடையும். போஸ்ட்ஸ்கிரிப்டோ, ‘இங்கே தொடங்கு, இப்படி வளை, உள்ளே மை நிரப்பு’ என்று கட்டளையிடும். ‘ண’வின் சுழிகள் எந்த அளவிலும் சிதையாது. சுழியும் வளைவும் மிகுந்த தமிழுக்கு இது பெரும் வரம்.

ஆனால் அச்சுப்பொறிக்குத் தெரிந்தது வளைவு மட்டுமே. அது எந்த எழுத்து என்பதல்ல. எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு முறையில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தார்கள். ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவர் கணினியில் புரியாத குறிகளாக விழுந்தது.

இதற்குத் தீர்வு தேடி 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதில் முன்னின்றவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1999இல் அவர் மறைந்தார். பின்னாளில் யூனிகோடு பொது முறையாக நிலைத்தது.

பழைய முறைக் கோப்புகள் இன்றும் அழகாக அச்சாகும். ஆனால் அவற்றில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால்தான் நாளைய தலைமுறை தேடிப் படிக்க முடியும்.