எங்கள் மணல் மெரினாவில் கிடக்கிறது

திருவொற்றியூரில் எங்கள் ஆயா வீட்டுக்குப் பின்னால் ஓர் உறைகிணறு இருந்தது. கடலுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு வலை காயப்போடுகிற அளவுக்கு மணல். ஆனாலும் தண்ணீர் கரிக்காது. அதில் பருப்பு வேகும். குப்பத்துப் பெண்கள் விடிவதற்கு முன்பே குடத்தோடு வந்துவிடுவார்கள். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் வீடு போய்விட்டது. கிணறு மட்டும் கொஞ்ச காலம் அலைக்கு நடுவில் நின்றது. சுற்றியிருந்த மணல் கரைந்துபோனதில், மண்ணுக்குள் இருக்க வேண்டிய உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புகைபோக்கி மாதிரி வெளியே தெரிந்தன. பையன்கள் நீந்திப் போய் அதன் விளிம்பில் உட்காருவோம். உள்ளே எட்டிப் பார்த்தால் கடல். பிறகு லாரி லாரியாகக் கருங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். கிணறு அதற்கடியில்தான் எங்கோ இருக்கிறது.

ஆயா இதற்கெல்லாம் ஒரே காரணம்தான் சொல்லுவாள். "ஆர்பரு கட்னாங்க, மண்ணு வர்றது நின்னுபோச்சு." எழுதப் படிக்கத் தெரியாதவள். நாற்பது வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக வரைபடம் போட்டுச் சாப்பிட்ட நான், அவள் சொன்னதைச் சரிபார்க்க ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்தேன்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1640-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை போட்ட இடம், விவரம் தெரிந்த மாலுமி எவனும் தேர்ந்தெடுக்காத வெறும் மணற்கரை. துணி மலிவாகக் கிடைத்தது, இடமும் கிடைத்தது, வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரை சேர்ந்தன. அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அறைந்தால் ஆணி அடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கக் கூடவே கட்டுமரங்கள் வரும். எங்கள் ஆட்கள் பிழைத்தது அந்த அலையை நம்பித்தான்.

1860களின் தொடக்கத்தில் இரும்புத் தூண்கள் ஊன்றி, கடலுக்குள் நீளும் ஒரு பாலம் கட்டினார்கள். அதனால் கரைக்கு ஒரு கேடும் வரவில்லை. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் மணல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மணல் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். எங்கள் கரையோரம் தண்ணீருக்குள் ஒரு மணல் ஆறு ஓடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைக் குப்பத்தில் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தென்மேற்குப் பருவக் காற்றை ஒட்டி ஏழெட்டு மாதம் தெண்டியின் ராஜ்யம். வடகிழக்குப் பருவத்தில் வன்னி கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவரும். கூட்டிக் கழித்தால் வருடத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே நகர்கிறது. ஒரு கரையில் இன்று கிடக்கும் மணல் நேற்று தெற்கே வேறோர் ஊர்க் கரையில் கிடந்தது, நாளை வடக்கே இன்னோர் ஊருக்குப் போகும். வந்துகொண்டே இருக்கிறவரை போவது யாருக்கும் தெரியாது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்குக் கல் நாட்டினார். மறுவருடம் வேலை தொடங்கியது. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளரின் திட்டம் அது. கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் நீளும் இரண்டு கல் சுவர்கள், முனையில் உள்ளே வளைந்து, நடுவில் கிழக்கு பார்த்த வாசல். முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் சுவர்களைப் புரட்டிப் போட்டது. மறுபடி கட்டினார்கள். கப்பல்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. மணலுக்கு முதல் முறையாகக் கதவு சாத்தப்பட்டது.

தெண்டி கொண்டுவந்த மணல் தென்சுவரில் முட்டி நின்றது. நின்ற மணல் மேடாயிற்று, மேடு கரையாயிற்று. கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த கடல் வருடா வருடம் விலகிப் போனது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அந்தத் தென்கரையோரம் ஓர் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். இன்று ரோட்டிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் கால் சலித்துப்போகிறதே, அந்த அகலத்தில் பெரும்பகுதி துறைமுகம் சேர்த்துக் கொடுத்தது. கூவம் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்வதற்கும் அதுவே பெரிய காரணம்.

துறைமுகத்தின் கிழக்கு வாசலும் மணலால் தூர ஆரம்பித்தது. 1904-ல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாசலை அடைத்துவிட்டு வடகிழக்கில் புதிதாகத் திறந்தார். மணலின் போக்கை அளந்து கட்டுரையே எழுதிய மனிதர் அவர். ஆகவே தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் அளந்தது கப்பலுக்காக. வடக்கே குப்பம் குப்பமாகக் கரைந்தது அந்தக் கணக்கில் வரவில்லை. 1970களில் பாரதி டாக் வந்து, சுவர் இன்னும் ஆழத்துக்கு நீண்டது. எங்கள் வீடு போனதும் அந்தக் காலத்தில்தான்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய வரைபட நகல் ஒன்றைச் சம்பாதித்து, டிரேசிங் தாளில் கரைக்கோட்டை நகலெடுத்தேன். கோட்டை மாதா கோயில் கோபுரம், 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் என்று நகராத புள்ளிகளைப் பொருத்தி, புதிய வரைபடத்தின் மேல் வைத்தேன். துறைமுகம் இருக்கும் இடத்தில் இரண்டு கோடுகளும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வெட்டிக்கொண்டன. தெற்கே புதிய கோடு கடலுக்குள் போனது, வடக்கே தரைக்குள் வந்தது. ராயபுரம் பக்கத்தில் 1876-க்கும் 1975-க்கும் நடுவில் சுமார் 500 மீட்டர் கரை போனதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். என் பென்சில் கோட்டில் அது விரல்கடை அகலம். அந்த விரல்கடைக்குள் எத்தனை அடுப்பு எரிந்ததோ.

துறைமுகத்தைத் திட்ட எனக்கு வாய் வராது. நைனா அங்கேதான் கலாசி. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். வீட்டைத் தின்ற சுவரே எனக்குச் சோறும் போட்டது. ஆயா மட்டும் கடைசிவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அப்புறம் கல் கொட்டும் படலம். எண்ணூர் நெடுஞ்சாலையைக் காப்பாற்றக் கருங்கல் சுவர், அதன்பின் 2004-ஐ ஒட்டித் தூண்டில் வளைவுகள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. இரண்டு வளைவுகளுக்கு நடுவில் மணல் பிடித்தது உண்மை. சில இடங்களில் மறுபடி படகு ஏற்ற முடிந்தது. ஆனால் ஒரு வளைவு பிடித்து வைத்துக்கொள்ளும் மணல், வடக்கே அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல். நோய் அப்படியே ஊர் ஊராக நகர்கிறது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது, பின்னர் காட்டுப்பள்ளியிலும் ஒன்று வந்தது. அதற்கும் வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மணல் திட்டுதான்.

இது எங்கள் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை இந்தியப் பெருநிலத்தின் கரை முழுவதையும் செயற்கைக்கோள் படங்களில் அளந்திருக்கிறது. 33.6 சதவீதம் அரிக்கிறது, 26.9 சதவீதம் வளர்கிறது, மீதி அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிப்பது 42.7 சதவீதம், மேற்கு வங்கத்தில் 60.5, புதுச்சேரியில் 56.2. வங்கத்தில் நடப்பது வேறு வகை: ஆற்று முகத்துவாரமும் புயலும் சேர்ந்து தின்கிற கரை. புதுச்சேரி மட்டும் எங்கள் பங்காளி. 1980களின் கடைசியில் அங்கே துறைமுகச் சுவர் எழும்பியது, ஊர்க் கடற்கரை கல்குவியலாயிற்று, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அரிப்பு வடக்கே ஏறியது.

இந்தக் கணக்கில் எனக்கு உறுத்துவது அந்த 26.9 சதவீதம். வளர்கிற கரையை வரவாக எழுதுகிறார்கள். மெரினாவும் அப்படித்தான் நூறு வருடத்துக்கு மேலாக வரவில் இருக்கிறது. சுவர் போடுகிறவர்கள் தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டுவதையும் திட்டச் செலவிலேயே சேர்த்து எழுதட்டும். அப்படி எழுத முடியாத திட்டத்துக்கு இனி இந்தக் கரையில் கல் நாட்ட வேண்டாம்.