கெடு முடிந்த பின்னும் குடியிருப்போர்

உத்தியோகம் நிமித்தமாகப் பிற மாநிலங்களில் வாழும் தமிழருள் பலர் ஒரே சமயத்தில் இரண்டு நிலைகளில் நிற்பவர்கள். டில்லியிலோ பம்பாயிலோ அவர்கள் பிறர் வீட்டில் வாடகைக்கு இருப்போர். ஊரிலோ தந்தையார் கட்டிய வீட்டைப் பிறருக்கு வாடகைக்கு விட்டிருப்போர். ஆதலால், வாடகைக் கெடு முடிந்த பின்னும் வீட்டை விடாதிருப்பவரைப் பற்றிய சட்டத்தின் வரலாறு அவர்களை இரு பக்கமும் தொடுவது. இங்கே வீட்டுக்காரரின் அறிவிப்பைக் கண்டு அஞ்சுபவரே, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டு, "கெடு முடிந்தும் காலி செய்ய மறுக்கிறாரே" என்று சினப்பதும் உண்டு. நாமும் அவ்வாறு சினந்தவர்தாம்.

இவ்வரலாற்றின் தொடக்கம் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். குறித்த காலம் கழிந்ததும் குத்தகை தானே முடிவுறும் என்றும், குடியிருந்தவர் வீட்டை உரியவரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் தெளிவாகவே கூறிற்று. ஆயினும் 116-ஆம் பிரிவில் ஒரு நுட்பம் இருக்கிறது. கெடு முடிந்த பின் குடியிருப்பவர் தொடர்ந்திருக்க, உடையவர் வாடகையை ஏற்றுக்கொண்டாலோ வேறு விதமாக இசைந்தாலோ, வேறு உடன்பாடு இல்லாத வரையில், வீட்டுக் குத்தகை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்பட்டதாகும். பிறகு அதனை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்புத் தர வேண்டும். அவ்வறிவிப்பு குத்தகை மாதத்தின் கடைசி நாளோடு சரியாக முடியவேண்டும் என்ற விதியால், ஒரு நாள் தவறியதற்காகத் தோற்ற வழக்குகள் பல. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் செய்த திருத்தத்துக்குப் பின்னரே இக்கண்டிப்புத் தளர்ந்தது.

எம் தந்தையாரின் வீடு காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் இருந்தது; வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்நாளில் அவ்வூரை எட்டவில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஓர் ஆசிரியர் குடிவந்தார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதித்ததால், அதற்குத் தப்ப நாடெங்கும் வழங்கும் கணக்கு அந்தப் பதினொன்று. கெடு முடிந்து ஈராண்டாகியும் அவர் போகவில்லை. வாடகை மட்டும் மாதந்தோறும் எம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. வக்கீலிடம் சென்று முறையிட்டோம். "மாதா மாதம் நீங்களேதாம் அவரை இருக்கச் சொல்லியிருக்கிறீர்கள்" என்றார் அவர். அலுவலகத்தில் சட்டங்களைத் தமிழாக்கிப் பிழைக்கும் நமக்கு இதனை இன்னொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. முறைப்படி அறிவிப்பு அனுப்பினோம். மகளின் பரீட்சை முடியட்டும் என்று அவர் கேட்டார், இசைந்தோம். மே மாதம் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துச் சென்றார்.

எல்லோருக்கும் விஷயம் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. பூட்டை உடைத்தல், தண்ணீரை நிறுத்துதல், சாமான்களை வீதியில் எறிதல் ஆகியவற்றில் இறங்கும் உடையவர்கள் உண்டு. சட்டம் இதனைத் தொடக்கத்திலிருந்தே ஒப்பவில்லை. சட்ட வழியிலன்றி வெளியேற்றப்பட்டவர், தமக்கு உரிமை இருந்ததா என்ற கேள்விக்கே இடமின்றி, ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு மீண்டும் உட்புகலாம் என்று 1877-ஆம் ஆண்டுச் சட்டமொன்று வகுத்தது; 1963-இல் இயற்றிய குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டமும் அதனைக் காத்தது. கெடு கடந்தவரையும் நீதிமன்றத்தின் வாயிலாகவே வெளியேற்ற வேண்டும்.

நிலைமையை முற்றிலும் மாற்றியவை இரண்டு உலகப் போர்கள். முதற்போரின்போது பம்பாயில் மக்கள் வந்து குவிந்தனர், வாடகை ஏறிற்று, 1918-இல் அங்கே வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. கல்கத்தா 1920-இல் பின்தொடர்ந்தது. இரண்டாம் போர்க் காலத்தில், 1939-இல் புது டில்லிக்கும், 1941-இல் சென்னைக்கும் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. போர் ஓய்ந்ததும் இவை ஓய்ந்திருக்கக் கூடும். ஆனால் பிரிவினை குறுக்கிட்டது. 1941-இல் ஒன்பது லட்சத்துச் சொச்சமாக இருந்த டில்லிப் பிரதேசத்தின் மக்கள்தொகை, 1951-இல் பதினேழு லட்சத்தைத் தாண்டிற்று. அகதிகளாய் வந்தோர் தெருவில் நிற்கையில், இருப்பவரையும் கெடு முடிந்ததென்று வெளியேற்ற எந்த அரசு துணியும்? 1947, 1952 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின், 1958-ஆம் ஆண்டு டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உடையவரின் மெய்யான சொந்தத் தேவை முதலிய குறித்த காரணங்கள் இருந்தாலன்றி வெளியேற்றம் இல்லை என்றாயிற்று. கெடு முடிந்தது என்பது அக்காரணங்களுள் ஒன்றன்று.

இவ்வாறு ஒப்பந்தம் இறந்த பின்னும் சட்டத்தின் பலத்தால் இருப்பவருக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்று நாம் பல நாள் திகைத்ததுண்டு. 'குடியானவர்' என்றால் உழவராகி விடுகிறார். 'சட்டக் குடியிருப்பாளர்' என்று எழுதி ஒருவாறு அமைந்தோம். இவரிடம் வாடகை வாங்கினால் 116-ஆம் பிரிவின்படி புதுக் குத்தகை பிறக்காது. மறுக்க வழியின்றி வாங்கும் பணம் இசைவாகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் கூறிற்று. 1979-இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், ஏழு நீதிபதிகள் அமர்ந்து, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றம் கோருவதற்குப் பழைய பதினைந்து நாள் அறிவிப்புத் தேவையில்லை என முடிவு செய்தனர்.

பம்பாயின் கதை இன்னும் சுவையானது. அங்கே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் மட்டத்தில் நிறுத்தி வைத்தது. விலைவாசி ஏற, வாடகை அசையவில்லை. வீட்டை விட்டுப் போகிறவர் வருகிறவரிடம் 'பக்டி' என்ற மறைமுகத் தொகை வாங்கினார். பழுது பார்க்க மனமில்லாத உடையவர் சுவரில் விரிசல் விழுவதைப் பார்த்திருந்தார். புதிதாக வீடு விடுவோர், 'குத்தகை' என்ற சொல்லையே தவிர்த்து, 'அனுமதி உரிமம்' என்று எழுதிக்கொள்ளலாயினர். பத்திரத்தின் பெயரையன்று, உள்ளீட்டையே பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-இல் சொல்லியிருந்தும் வழக்கம் பெருகிற்று. அரசு 1973-இல் ஒரே வீச்சில், அவ்வாண்டு பிப்ரவரி முதல் தேதியன்று நடப்பிலுள்ள உரிமத்தின் பேரில் குடியிருந்தவரை வாடகைதாரர் ஆக்கிற்று. மாட்டுங்காவில் ஓர் அறையில் ஒண்டியிருந்த குடும்பத்துக்கு அது பெரும் வாழ்வு. நம்பி இடம் கொடுத்தவருக்கு இடி. 1997 டிசம்பரில், காலத்தோடு மாறாத அந்த வாடகை நிர்ணயம் நியாயமற்றதாகி விட்டதென உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. பின்னர் வந்த 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிரச் சட்டம் பழைய குடிகளைக் காத்தது. ஆனால் உரிமக் காலம் முடிந்தும் வீட்டை விடாதவர் இரட்டிப்புத் தொகை தரவேண்டும் என்றும், தகுதியுள்ள அதிகாரியே அவரை வெளியேற்றலாம் என்றும் விதித்தது.

டில்லியில் கதவு சிறிது சிறிதாகவே திறந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியோடு குறித்த காலத்துக்கு மட்டும் வீட்டை விட 21-ஆம் பிரிவு வழி வைத்திருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் சொந்தத் தேவை வழக்குகளுக்குச் சுருக்க விசாரணை தந்தது. 1988 டிசம்பரிலிருந்து, மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டும் வீடுகள் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டன. 1995-இல் பாராளுமன்றம் முழுப் புதுச் சட்டமே நிறைவேற்றிற்று. பழைய குடிகளாகிய வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தனர். அது நடைமுறைக்கு வரவே இல்லை.

ஆகவே இன்று டில்லியில் புதிதாகக் குடிபுகும் தமிழருக்கு 3,500 ரூபாய்க்குள் வீடு கிடைப்பது அரிதாதலால், அவர் பெரும்பாலும் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கையிலேயே மீண்டும் வந்து சேர்கிறார். 2021-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், கெடு கடந்தவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இருமடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை தரவேண்டும் என்கிறது. அதனை ஏற்பது மாநிலங்களைப் பொறுத்தது. நாம் இப்போது இருக்கும் வீட்டின் பதினொரு மாதம் வரும் மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல் வாடகையை அவர் வாங்கிக்கொள்வாரா என்று வீட்டுக்காரருக்கு இன்று காலை எழுதிக் கேட்டிருக்கிறோம்.