வெள்ளீயப் பாதையும் மலாயாப் பென்சனும்

மானிப்பாயிலே பழைய கல்வீடொன்றைக் காட்டி அதன் வரலாற்றை வினவினால், "மலாயாக் காசு" என்ற விடை வருவதுண்டு. பாட்டனார் மலாயாவிற் புகையிரத நிலைய அதிபராக இருந்தார். பென்சனோடு ஊர் திரும்பி வீடு கட்டினார் என்பர். அந்தப் புகையிரதம் எதற்காக ஓடிற்று என்று நாம் கேட்பதில்லை.

நீராவி எந்திரம் சுரங்கத்தோடு வளர்ந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களில் அது நீர் இறைத்தது. அப்பகுதியிற் பிறந்த ரிச்சட் ட்ரெவிதிக் 1804 இல் வேல்ஸ் நாட்டிலே தண்டவாளத்தில் இரும்பு இழுக்கும் நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார். எண்பது ஆண்டுகளின் பின் அதே வெள்ளீயம் நீராவி வண்டியை மலாயாவுக்கு அழைத்தது.

பேராக்கின் லாரூட் பகுதியிற் சீனத் தொழிலாளர் வெள்ளீயம் தோண்டினர். சுரங்க உரிமைக்காக இரகசியச் சங்கங்கள் பொருதின. அமைதியின் பெயரால் 1874 இல் பங்கோர் ஒப்பந்தம் வந்தது. அதன் வழியே பிரித்தானிய ஆதிக்கமும் வந்தது. 1885 ஜூன் 1 ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை எட்டு மைல் நீளமான மலாயாவின் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1886 இற் கோலாலம்பூரும் கிள்ளானும், 1891 இற் சிரம்பானும் போர்ட் டிக்சனும் இணைந்தன. இப்பாதைகள் முதலில் இணைத்தவை உள்நாட்டுச் சுரங்கங்களையும் ஏற்றுமதித் துறைகளையுமே. கோப்பிக்காக 1867 இற் கண்டிவரை நீண்ட நமது பாதையின் கதையும் இத்தகையதே.

முதற் பாதையை அமைத்தோர் யாவர்? இலங்கையிலே தெருக்கள் வெட்டிப் பழகிய பயனியர் படையின் இரு பிரிவினர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்க் கூலிகள். அவர்கள் பெயரைத் தாங்கிய வீடு நம்மூரில் ஒன்றுமில்லை.

பாதை நீண்டபோது கணக்கெழுதவும் நிலையங்களை நடத்தவும் ஆங்கிலம் அறிந்தோர் வேண்டியிருந்தனர். அமெரிக்க மிஷன் பள்ளிகள் மானிப்பாய் போன்ற ஊர்களில் அத்தகையோரை ஏற்கெனவே உருவாக்கியிருந்தன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்த 1905 இற்கு முன்னரே நம்மவர் மலாயாவில் அதனை நடத்தக் கற்றனர். அவர்களது உழைப்பையும் தனிமையையும் நாம் இகழவில்லை. ஊரின் கோயில்களும் பாடசாலைகளும் அவர்கள் அனுப்பிய பணத்தாற் பயனுற்றன. ஆனால் அப்பணமே சீதனச் சந்தையில் மாப்பிள்ளையின் விலையை உயர்த்தியதையும், ஆங்கிலப் பள்ளியின் கதவு சாதியால் ஒடுக்கப்பட்டோர்க்கு எளிதில் திறவாததையும் மறைத்தலாகாது.

தண்டவாளம் கேட்ட விலை பின்னரும் தீரவில்லை. 1942 இலும் 1943 இலும் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து ஏறத்தாழ 415 கிலோமீற்றர் பாதை அமைத்தபோது, மலாயாவின் கிழக்குக் கரைப் பாதைத் தண்டவாளங்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. மலாயாத் தோட்டத் தமிழரும் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். பல்லாயிரவர் பசியாலும் வாந்திபேதியாலும் அப்பாதையோரத்தில் மாண்டனர்.

இன்று போர்ட் வெல்ட் கோலா செப்பெத்தாங் என வழங்குகிறது. தண்டவாளம் இல்லை; பழைய பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் உண்டு. அத்தமிழ் எழுத்து நிலைய அதிபருக்கு மட்டும் உரியதன்று. மண் சுமந்தவனுக்கும் உரியது. வகுப்பறையில் மலாயாவைப் பற்றிப் பேசும்போது கல்வீட்டின் கதையோடு அவன் கதையையும் சொல்லுவோமாக.