துறைமுகத்துக்கு வந்த விண்ணப்பம்

படிப்பை முடித்து வெளியே வரும் இளைஞன் உலகத்தோடு முதன்முதலாகப் பேசுவது பெரும்பாலும் ஒரு விண்ணப்பத்தின் வாயிலாகவே. அவன் முகத்தை அறியாதவர், அவன் குரலைக் கேளாதவர், ஒரு தாளைக் கொண்டு அவனை மதிப்பிடுகிறார். ஓர் இடத்துக்கு நூறு தாள்கள் வந்து குவியும்போது எந்தத் தாள் கையில் நிற்கும், எந்தத் தாள் கட்டோடு கட்டாக ஒதுங்கிவிடும்? இதற்கு விதிகள் பல கூறுவர். ஆயினும் விதிகளைவிட வரலாறு சில வேளைகளில் தெளிவாகப் பேசும். அத்தகைய வரலாறு ஒன்று நம் சென்னைத் துறைமுகத்தில் நிகழ்ந்தது.

சென்னையின் வடகரை உழைப்பினால் உயர்ந்த கரை. தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதற்குத் தெற்கே கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கட்டிய துறைமுகத்தை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் எழுப்பிய துறைமுகத்திலும் அலையும் மணலும் தொல்லை கொடுத்தன. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியியலறிஞர், கிழக்கு நோக்கியிருந்த வாயிலை வடகிழக்குப் பக்கமாக மாற்றியமைத்தார். கப்பல்கள் பெருகின, சரக்குகள் பெருகின, அவற்றோடு கணக்குப் புத்தகங்களும் பெருகின. சுமை தூக்கும் தொழிலாளிக்கு அந்நாளில் விண்ணப்பம் வேண்டுவதில்லை; மேஸ்திரியின் கண்ணில் பட்டால் போதும். குமாஸ்தா வேலைக்கோ தாள் வேண்டும், சான்று வேண்டும்.

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள், துறைமுக டிரஸ்டின் அலுவலகத்துக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டது. எழுதியவருக்கு வயது 24. திருமணமானவர். எப். ஏ. தேர்வில் தேறாதவர். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் கணிதம் ஒன்றையே கருதி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியிலும் அதே காரணத்தால் தோற்றவர். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன்.

அந்த விண்ணப்பத்தில் இருந்தவை ஐந்தாறு வாக்கியங்களே. தங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன் என்று தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப். ஏ. வரை படித்ததையும், எதிர்பாராத இடையூறுகளால் மேற்கொண்டு படிக்க இயலாமற்போனதையும் கூறுகிறார். ஆயினும் தம் நேரமெல்லாம் கணிதத்திலேயே செலவாகிறது என்கிறார். வேலை கிடைத்தால் அதனைச் செவ்வனே செய்ய முடியுமென்ற உறுதியைத் தெரிவித்து முடிக்கிறார்.

இதனைச் சிறிது ஆராய்வோம். தேறாத தேர்வைத் தேறியதாக அவர் சொல்லவில்லை, அதற்காகப் புலம்பவுமில்லை. குறையை ஒரே வாக்கியத்தில் கடந்து, அடுத்த வாக்கியத்திலேயே தம் நிறைவுக்கு வந்துவிடுகிறார். தம் வறுமையை விரிக்கவில்லை. தாம் கண்ட சூத்திரங்களையும் அடுக்கவில்லை. கணக்கு அலுவலகத்துக்கு அவை வேண்டியவையல்ல என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

விண்ணப்பத்தோடு ஒரு நற்சான்றும் இணைக்கப்பட்டிருந்தது. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் முன்னரே எழுதித் தந்தது அது. இவர் கணிதத்தில் அரிய ஆற்றல் உடையவர் என்று பாராட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. எண்களைக் கையாளுவதிலும் கணக்கிடுவதிலும் விரைவானவர் என்றும் எழுதியிருந்தார். பேரறிவு என்ற புகழ் ஒரு கணக்காளருக்குப் பயன்படாது. விரைவாகவும் பிழையின்றியும் கூட்டத் தெரிந்தவர் என்ற சொல் பயன்படும். நல்ல சான்று, புகழ்வதோடு பொருந்தவும் வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்று வாரங்களில், 1912 மார்ச்சு முதல் நாள், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் இராமானுஜன் வேலையில் அமர்ந்தார். அங்கே அவருக்கு மேலாளராக வாய்த்தவர் எஸ். நாராயண ஐயர். அவர் தாமும் கணிதம் கற்றவர். இந்தியக் கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவர். புதிதாக வந்த எழுத்தரின் நோட்டுப் புத்தகங்களை அவரால் படிக்க முடிந்தது. மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுப் பலகைகளோடு அமர்ந்து கணக்கிடுவர். அவர் வாயிலாகச் சர் பிரான்சிஸும் இவருடைய தகுதியை அறிந்தார்.

இதற்கு முன்பே, 1910-ஆம் ஆண்டில், இராமானுஜன் திருக்கோவிலூருக்குச் சென்று, கணிதச் சங்கத்தை 1907-இல் நிறுவிய டெபுடி கலெக்டர் வி. இராமசாமி ஐயரிடம் ஒரு சிறு உத்தியோகம் கேட்டதுண்டு. கையில் கொண்டு சென்றது நோட்டுப் புத்தகம். அதனைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய அறிவைத் தாலுகா அலுவலகத்தின் கடைசிப் படியில் முடக்க மனமின்றிச் சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். கேட்ட வேலை கிடைக்கவில்லை. கேளாத வழி திறந்தது. தம் உழைப்பின் பயனையே நேரில் காட்டியவருக்குக் கிடைத்த பயன் அது.

இனி மூன்றாவது விண்ணப்பத்துக்கு வருவோம். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபடியே, 1913 சனவரி 16-இல், கேம்பிரிட்ஜிலிருந்த ஜி. எச். ஹார்டி என்ற கணிதப் பேரறிஞருக்கு இராமானுஜன் எழுதினார். அதற்கு முன் வேறு அறிஞர்களுக்கு எழுதியும் பயன் விளையவில்லை. இலண்டனிலிருந்த பேராசிரியர் ஹில், சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித் அனுப்பிய தாள்களைப் பார்த்து, முடிவிலாத் தொடர்களில் இவர் வழுக்கி விழுந்திருப்பதாகக் கருதி, ஒரு நூலைப் படிக்கும்படி அறிவுரை கூறியதோடு நிறுத்திக்கொண்டார்.

ஹார்டிக்கு எழுதிய கடிதம் துறைமுகத்துக்கு எழுதியதினின்றும் வேறுபட்டது. இங்கேயும் தாம் யார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்: சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் சிறு சம்பளம் பெறும் எழுத்தர், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர், தனியே ஒரு பாதை வகுத்துக்கொண்டவர். ஆனால் இம்முறை சூத்திரங்களே கடிதத்தின் உடல். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் தொடர்ந்தன. என்னை நம்புங்கள் என்று அவர் வேண்டவில்லை; இவற்றைச் சோதித்துப் பாருங்கள் என்று தம் கண்டுபிடிப்புகளை நீட்டினார்.

ஹார்டி முதலில் ஐயுற்றார். இது யாரோ செய்யும் ஏமாற்றோ என்றுகூட எண்ணினார். அன்று மாலை தம் தோழர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து அத்தேற்றங்களை ஆராய்ந்தார். சில முன்பே அறியப்பட்டவை. சில தம்மால் மெய்ப்பிக்கக் கூடியவை. சிலவோ அவர் கண்டறியாதவை. எழுதியவர் உயர்ந்த கணித மேதை என்ற முடிவுக்கு இருவரும் வந்தனர். பிப்ரவரி 8-ஆம் நாள் மறுமொழி எழுதினார்.

அதற்கு இராமானுஜன் அனுப்பிய விடையில்தான் உண்மை வெளிப்படுகிறது. தாம் அரைப்பட்டினி கிடப்பவர் என்றும், தம் மூளையைக் காக்க உணவு வேண்டுமென்றும், தங்கள் கடிதம் ஒன்று கிடைத்தால் பல்கலைக்கழகத்திலோ அரசினரிடமோ உதவித்தொகை பெற வழியுண்டு என்றும் அவர் எழுதினார். தகுதியை அறிந்தபின் தேவையைச் சொன்னார். தேவையை முன்னிறுத்தித் தகுதியைப் பின்னே வைக்கவில்லை.

அதே மாதத்தில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து, துறைமுகத்தில் இவருடைய நோட்டுகளைக் கண்டு, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். 1913 மே முதல் நாளிலிருந்து, பட்டம் பெறாத அந்த எழுத்தருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச்சு 17-இல் அவர் சென்னையிலிருந்தே கப்பலேறினார். 1918-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-இல், தம் 32-ஆம் வயதில், சென்னையில் மறைந்தார்.

இதிலிருந்து மாணவர் அறிய வேண்டுவது யாது? இராமானுஜனைப் போன்ற மேதை நூற்றாண்டுக்கு ஒருவர் தோன்றலாம். ஆனால் விண்ணப்பம் எழுதிய முறை எவரும் கற்கக் கூடியதே. கேட்கும் இடத்தை அறிந்து எழுதுக. துறைமுகத்துக்கு வேண்டியது வேறு, கேம்பிரிட்ஜுக்கு வேண்டியது வேறு. ஒரே தாளைப் படியெடுத்து இரண்டு இடத்துக்கும் அனுப்புவது பயன் தராது. செய்ததைக் காட்டுக, திறமை உண்டு என்று பத்து வரி எழுதுவதினும், செய்து முடித்த ஒன்றைப் படிப்பவர் சோதிக்கும்படி வைப்பது மேல். குறையிருப்பின் பொய்யால் மூடாதீர்; அளவாகச் சொல்லி அப்பால் செல்க. உங்கள் உழைப்பை நேரில் கண்டவரிடமே சான்று கேளுங்கள். பெரிய பெயருடையவர் தரும் பொதுச் சொல்லைவிட அது வலிமையுடையது.

மற்றொன்றும் உண்டு. ஒரே தாள் ஒருவர் கையில் பயனற்றுப் போயிற்று. மற்றொருவர் கையில் உலகப் புகழாயிற்று. விண்ணப்பத்தின் வெற்றியில் பாதி, படிப்பவரைச் சார்ந்தது. பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் மிடில்மாஸ்டும் நாராயண ஐயரும் ஹார்டியும் அத்தாளைத் தள்ளியிருந்தால் இழப்பு இராமானுஜனுக்கு மட்டும் அன்று. இந்நாளில் பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் சலித்தெடுப்பது கணினி. சல்லடை பட்டத்தையும் மதிப்பெண்ணையும் அறியும். நோட்டுப் புத்தகத்தை அறியாது.

இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோர் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968-இல் நூலாக்கியவர், முத்தியாலுப்பேட்டைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன். அவருடைய முயற்சியால் 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் பெயரால் ஓர் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி நிலையமும் தோன்றின. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் இன்றும் இளைஞர் பலர் ஆலைகளுக்கும் துறைமுகங்களுக்கும் விண்ணப்பம் அனுப்பி விடைக்குக் காத்திருக்கின்றனர். அவர்கள் நேர்மையாகவும் செறிவாகவும் எழுதக் கற்க வேண்டும். அவர்களுள் சிலர் ஒருநாள் மேசையின் மறுபுறத்தில் அமர்ந்து பிறர் தாள்களைப் படிப்பர். அப்போது ஒவ்வொரு தாளையும் இறுதிவரி வரை படிப்பார்களாக.