சினமும் இதயமும்

1793ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள். இலண்டன் புனித ஜார்ஜ் மருத்துவமனைக் குழுக் கூட்டத்தில் சக மருத்துவர் ஒருவர் மறுத்துரைக்கக் கேட்ட அறுவை மருத்துவர் ஜான் ஹன்ட்டர், பொங்கிய சினத்தோடு அடுத்த அறைக்குச் சென்றார், சென்றவர் மீளவில்லை. தம்மை எரிச்சலூட்டத் துணியும் எந்தக் கயவனின் கையிலும் தம் உயிர் இருப்பதாக முன்பே கூறிவந்த நெஞ்சுவலி நோயாளி அவர்.

பணிச்சுமை எல்லார்க்கும் பொது. இதயம் அதனை ஏற்கும் விதமோ ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஏன்?

இவ்வினாவை ஆய்ந்தோர் சான்பிரான்சிஸ்கோ இதய மருத்துவர்களான மேயர் ஃபிரீட்மனும் ரே ரோசன்மனும். வரிக்கணக்கு ஒப்படைக்கும் கெடு நெருங்க நெருங்கக் கணக்காளர்களின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் உயர்வதையும், இரத்தம் விரைந்து உறைவதையும் 1958இல் வெளியிட்டனர். மறு ஆண்டு, ஓயாத அவசரமும் போட்டி மனமும் கொண்டோரை 'ஏ வகை'யினர் என வகுத்தனர். 1960இல் தொடங்கி 3,154 ஆடவரை எட்டரை ஆண்டுகள் கண்காணித்தபோது, இவ்வகையினர்க்கு இதயநோய் மற்றவரினும் ஏறத்தாழ இரு மடங்கு நேர்ந்தது.

ஆயினும் 1980களின் ஆய்வுகள் சில இதனை உறுதி செய்யவில்லை. நுணுகி நோக்கியோர், விரைந்துழைப்பதைவிடப் பகைமையும் சினமுமே இதயத்திற்குக் கேடு என்றனர். ஹன்ட்டர் தம்மைப் பற்றி அறிந்திருந்ததும் அதுவே அன்றோ!

அறிந்தும் அவரால் தம் குணத்தை வெல்ல இயலவில்லை. தாமும் ஏ வகையினரே என ஒப்புக்கொண்ட ஃபிரீட்மனோ, மாரடைப்புக்குப் பின் தம் போக்கை மாற்றிக்கொண்டார். 2001இல், 90 வயதில் மறைந்தார். குணம் மாற்றவொண்ணாத விதியன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.