அறுகோணக் கட்டமும் கிள்ளான் தோட்டங்களும்

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருக் கடற்கரையில் தொடங்கிய மலாயாப் போர், 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரின் வீழ்ச்சியோடு முடிவுற்றது. இவ்வெழுபது நாள்களைப் பற்றிய நூல்களைப் பல ஆண்டுகளாக வகுப்பறையில் பயன்படுத்தி வருகிறோம். ஆயினும் அப்போரை ஒருமுறை ஆடிப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில்தான் கிட்டியது. ஆய்விதழில் கணினி விளையாட்டுக்கு இடம் உண்டோ எனச் சிலர் வினவக்கூடும். அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், அங்குள்ள ஆசிரியர் ஒருவர் மேசைமீது வரைபடத்தை விரித்து, அட்டைத் துண்டுகளை நகர்த்திப் போர் வரலாறு கற்பித்ததைக் கண்டு நாமும் உள்ளூர நகைத்ததுண்டு. அந்நகைப்பு பிழையானது என்பதைப் பிரிக்பீல்ட்ஸில் உள்ள நம் இல்லத்தில் மூன்று மாத மாலைப் பொழுதுகளைச் செலவிட்ட பின்னரே உணர்ந்தோம்.

நாம் ஆடியது 2009இல் வெளிவந்த 'வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' என்பது. இதில் ஒரு சுற்று ஒரு நாளைக் குறிக்கும். இரு தரப்பாரும் தத்தம் கட்டளைகளை எழுதி முடித்த பின்னர், அந்நாளின் நிகழ்வுகளைக் கணினி ஒருசேர நடத்திக் காட்டும். பசிபிக் பெருங்கடல் முழுவதும் அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டத்தின் குறுக்களவு 40 கடல்மைல். ஏறத்தாழ 74 கிலோமீட்டர். 1945 ஆகஸ்டு நடுப்பகுதி வரை ஆடுவதாயின் 1,300 சுற்றுகளுக்கு மேல் வேண்டும். அத்துணைப் பொறுமை நமக்கில்லை. ஆகவே நேசநாட்டுத் தரப்பை ஏற்று, சிங்கப்பூர் வீழும் வரை இருமுறை ஆடினோம்.

முதன்முறை வரலாற்றில் நடந்தவாறே ஆடினோம். வடக்கே ஜித்ராவில் நின்றோம், தோற்றோம். கம்பாரில் நின்றோம். பின்வாங்கிக்கொண்டே வந்தோம். இத்தோல்விகளால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. தளபதி பேர்சிவல் படைகளைச் சிதறடித்து வீணாக்கினார் என்று மாணவர்க்கு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கட்டளையிடும் இருக்கையில் அமர்ந்த பின்னர் அது அத்துணை எளிதன்று என்பது விளங்கிற்று. சிங்கப்பூருக்குத் துணைப்படைகள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அவை வந்து சேரும் வரையில் கோலாலம்பூர், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இடங்களின் விமானத்தளங்கள் பகைவர் கைக்குப் போகாமல் தடுக்க வேண்டியிருந்தது. கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நன்றாகவே போரிட்ட படை, அவ்விடத்தை விட்டு ஏன் அகன்றது என்று மாணவர் வினவுவதுண்டு. மேற்குக் கடற்கரையில், அப்படைக்குப் பின்புறமாக ஜப்பானியர் இறங்கியதே காரணம். நூலில் ஒரு வரியாகப் படித்த அச்செய்தி, நம் படையின் பின்னால் பகைவரின் சின்னம் தோன்றியபோது வயிற்றைக் கலக்கிற்று என்பதை ஒளிப்பதற்கில்லை.

இரண்டாம் முறை கெட்டிக்காரத்தனமாக ஆட முற்பட்டோம். இவ்வாட்டத்தில் தேர்ந்தவர் பலரும் கையாளும் வழி அது. முதல் நாளிலேயே வடக்கைக் கைவிட்டு, இந்தியப் படையணிகள் அனைத்தையும் தெற்கே இழுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறே செய்தோம். கெடாவையும் பேராக்கையும் சிலாங்கூரையும் போரின்றி விட்டுச் சென்றோம். பலன் கிட்டியது, சிங்கப்பூர் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது. அன்றிரவு மகிழ்ச்சியோடு உறங்கச் சென்றோம்.

மறுநாள் காலை வகுப்பில் இதனை விவரித்தபோது, கிள்ளானிலிருந்து வரும் மாணவி ஒருவர், "ஐயா, தோட்டத்து மக்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டார். விடை கூற நம்மிடம் ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரையிலான நிலப்பரப்பு நீளத்தால் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ரப்பரும் ஈயமும் 'வளம்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிட்டன. பால் வெட்டியவர் அதில் இல்லை. தளம் பறிபோனால் பகைவருக்குப் புள்ளி சேரும். ஒரு படையணியை ஒரு தலைமையகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் 'அரசியல் புள்ளிகள்' செலவாகும். சிலாங்கூர் மக்களைக் கைவிட்டதற்கோ எப்புள்ளியும் கழியவில்லை.

உண்மை வரலாற்றில் அக்கணக்கு இருந்ததா? 1941 டிசம்பர் நடுப்பகுதியில் பினாங்கிலிருந்து ஐரோப்பியர் மட்டும் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் விடப்பட்டனர். கிள்ளானிலோ கைவிடுதல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது எனக் கருதுகிறோம். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்கள்மீதான அத்துமீறலுக்கு முடிவு ஆகியவை அவர்தம் கோரிக்கைகளுள் சில. துரைமார்க்கும் கிராணிமார்க்கும் முன்னால் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் அவற்றுள் ஒன்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஏழு மாதங்களில் ஜப்பானியர் வந்தனர். மலாயாவைக் காப்பதாகச் சொன்ன ஆட்சி, கிள்ளான் தொழிலாளர் கண்ணுக்கு எத்தகையதாகத் தோன்றியிருக்கும் என்பதைப் படையணிகளின் மனவுறுதியை எண்ணாகக் காட்டும் ஆட்டம் கேட்பதில்லை. போர் வரலாற்று நூல்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானியக் கவச ஊர்திகள் 11ஆம் இந்தியப் படைப்பிரிவைச் சில மணி நேரத்தில் சிதைத்தன. நான்கு நாள் கழித்து, ஜனவரி 11ஆம் நாள் மாலை அவர்கள் கோலாலம்பூருக்குள் நுழைந்தனர். அதற்குள் நகரம் புகைமூட்டத்தில் இருந்தது, கிடங்குகள் சூறையாடப்பட்டன, துரைமார் தெற்கே போய்விட்டனர். மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெற்றுவந்தது. ரப்பருக்குச் சந்தையும் அற்றுப்போன நிலையில், தோட்டத்து லயங்களில் இருந்தோர் மரவள்ளிக்கிழங்கை நம்பி வாழ்ந்தனர். பின்னர் சயாம்–பர்மா இரயில்பாதைக்கு ஆள் பிடிக்கப்பட்டது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அங்கு இறந்த மலாயாத் தமிழரின் தொகை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியலும் கல்லறைகளும் உள்ளன; தமிழ்த் தொழிலாளரில் பெரும்பாலோர்க்கு அவை இல்லை.

ஆகவே ஆட்டத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பொழுதுபோக்குக்காக ஆக்கப்பட்ட ஒன்று, தான் எண்ணாதவற்றை எண்ணுவதாகப் பாசாங்கு செய்யவில்லை. 'திட்டமிட்ட பின்வாங்கல்' என்று பாடநூலில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் செல்கிற நமக்கு அச்சமாதானம் பொருந்தாது. கடந்த பதினைந்து ஆண்டுகளாக நாம் பயன்படுத்திவரும் விரிவுரைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தோம். கிள்ளான் வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாறு என்னும் தலைப்பில் இருக்கிறது. மலாயாப் போர் இரண்டாம் உலகப்போர் என்னும் தலைப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஐந்து வாரப் பாடங்கள்.

இப்பருவத்தில் அவ்விரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துள்ளோம். சிலாங்கூர் வரைபடத்தின்மீது மெல்லிய தாளை விரித்து, தம் குடும்பத்தார் நினைவிலுள்ள தோட்டங்களை மாணவர் குறித்து வருகின்றனர். பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டமையால் இடத்தை உறுதி செய்வதே பெரும்பாடாக உள்ளது. பெயரருகே 1942இல் அங்கிருந்தோர் பின்னர் எங்குச் சென்றனர் என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறோம். அம்மாணவி தம் பாட்டனாரின் தோட்டத்துக்கு எதிரே 'சயாம்' என்று எழுதி, ஆண்டுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். அவர்தம் பெரிய அத்தை பந்திங்கில் இருக்கிறாராம். வரும் விடுமுறையில் கேட்டு வருவதாகச் சொன்னார்.